பாட்டில்காரம்மா குடித்த ஒரு டம்ளர்

வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது "மழையா மேடம்?" என்று கேட்டால் எந்த மனுஷியும் ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். பாட்டில்காரம்மா மட்டும் வாசல் பக்கம் கையை நீட்டி, இரண்டு சொட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்படித்தான் தெரியுது" என்பார். மூன்று வருஷம் எங்கள் தெருக் கிணறுகளில் தண்ணீர் எடுத்துப் போன அந்த அம்மாளிடமிருந்து நாங்கள் பெற்ற பதில்களில் இதுதான் கொஞ்சம் உறுதியான பதில். மற்ற எல்லாவற்றுக்கும் "பார்த்துட்டுச் சொல்றேன்" என்பதுதான்.

பெயரைச் சொல்லியிருப்பார். யாரும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. தெருவில் அவர் பாட்டில்காரம்மா. மாதம் ஒருமுறை, இரண்டாவது வாரத்தில் ஏதாவது ஒரு நாள், குரோம்பேட்டையில் எலெக்ட்ரிக் ட்ரெயினை விட்டு இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்கே ஒன்றரை மைல் நடந்து வருவார். ஒரு தோளில் பாட்டில்கள் அடுக்கிய கான்வாஸ் பை. இன்னொரு கையில் ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டி. ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். நூல் புடவையின் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறபோது, ஏதோ பொருளைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் போல இருக்கும்.

அவர் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. எங்களுக்கு வடக்கே வரிசையாக இருந்த தோல் கம்பெனிகள் கழிவை வாய்க்காலில் விட்டு, சேற்றைக் காலி மனைகளில் கொட்டிக்கொண்டிருந்தன. அது மண்ணுக்குள் இறங்கி எவ்வளவு தூரம் போகிறது, போனதை எப்படித் திரும்ப எடுப்பது என்பது அவருடைய ஆராய்ச்சி. முக்கியமாகக் குரோமியத்தைத் தேடினார். ஊருக்கே குரோம்பேட்டை என்று பெயரை வைத்துவிட்டு, குரோமியம் இருக்கிறதா என்று சர்க்கார் செலவில் தேடுகிறார்களே என்று என் கணவர் சிரிப்பார்.

நான் மேற்குத் தாம்பரத்திலிருந்து இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவர் வரத் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டுக் கிணறு, என் மாமனாரின் தகப்பனார் கத்திரியும் வெண்டையும் போட்ட காலத்தில் வெட்டியது. நிலமெல்லாம் மனையாகிப் போய், கிணறும் அதைச் சுற்றி அரை கிரவுண்டும் மிஞ்சியிருந்தன. என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, அந்தக் கிணறு இன்னொரு பிள்ளை மாதிரி. யாராவது குறை சொன்னால் அன்றைக்கு அவர்களுக்கு நல்ல நாள் இல்லை.

குறை சொல்ல விஷயம் இருந்தது. கோடையில் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். பருப்பு வேகாது. வெள்ளை வேட்டி ஆறு மாதத்தில் சாமியார் வேட்டி ஆகிவிடும். கல்யாணமான புதிதில் நான் அந்த மஞ்சளைப் பற்றிக் கேட்டுவிட்டேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். கிணறு வெட்டிப் பூஜை போட்டபோது ஒரு முறம் மஞ்சளைக் குத்தி உள்ளே போட்டார்களாம். "அது இன்னும் கரைஞ்சுகினு கீது. எந்த வூட்டுக் கெணத்துக்கு இந்தக் குடுப்பினை?" என்றார். நாற்பது வருஷமாகக் கரைகிற மஞ்சளை நானும் வாயை மூடிக்கொண்டு குடித்தேன்.

பாட்டில்காரம்மா தண்ணீர் எடுப்பது ஒரு சடங்கு போலத்தான் நடக்கும். முதலில் பாட்டிலில் சீட்டு ஒட்டி எழுதுவார். தேதி, நேரம், கிணற்று எண். எங்கள் கிணறு பதினான்கு. பிறகு வாளியை இறக்கி, அந்தத் தண்ணீராலேயே பாட்டிலைக் கழுவிக் கொட்டுவார். மறுபடி கழுவிக் கொட்டுவார். மூன்றாவது தடவையும் கழுவிக் கொட்டிவிட்டுத்தான் நிரப்புவார். வாளி இறைத்துக் கொடுக்கிற எனக்குத் தோள் விட்டுப்போகும். அதற்குப் பிறகு நோட்டுப் புத்தகம். வீட்டில் எத்தனை பேர், எத்தனை பேர் இந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று ஒவ்வொரு மாதமும் கேட்பார். ஐந்து பேர், ஐந்து பேரும்தான் என்று அத்தை ஒவ்வொரு மாதமும் சொல்வார். அத்தை, என் கணவர், அவருடைய தம்பி, தங்கை, நான். போன மாதம் சொன்னதுதானே என்று ஒருநாள் நான் சலித்துக்கொண்டேன். "போன மாசம் போன மாசம்தானே" என்றார்.

"தண்ணி நல்லாருக்குதா, குடிக்கலாமா?" என்று தெரு கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். தெரு நலச் சங்கத்தின் செயலாளர், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர், எழுத்திலேயே கேட்டுவிடுவோம் என்று கடிதம் போட்டார். பதிலும் வந்தது. இதுவரை கிடைத்தவை தற்காலிக முடிவுகள், மேலும் மாதிரிகள் தேவை, அறிக்கை குழுவின் ஒப்புதலுக்குப் பிறகு வெளியிடப்படும். செயலாளர் அதைக் கூட்டத்தில் இரண்டு தடவை வாசித்தார். கெட்டது என்று எங்கேயும் போடவில்லை, ஆகவே நல்லதுதான் என்று தீர்மானம் போட்டார்கள். ஆனாலும் அவர் வீட்டு அம்மாள் மட்டும் முன்ஜாக்கிரதையாக முனையிலிருந்த அடிபம்பிலிருந்து குடம் சுமந்துகொண்டிருந்தார்.

இதற்கெல்லாம் நடுவில் அத்தை தன் பங்குக்குப் பாட்டில்காரம்மாவையே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அந்த அம்மாள் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். வெயிலில் வந்தவரிடம் மோர் நீட்டினால் இப்போதுதான் குடித்தேன் என்பார். காப்பி என்றால் வழக்கமில்லை என்பார். கான்வாஸ் பையின் ஓரத்தில் சொந்தமாக ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் இருக்கும். அதைத் தெருமுனைக்குப் போன பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு குடிப்பார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அத்தைக்கு முடிவுக்கு வர ஒரே ஒரு மாதிரி போதுமாக இருந்தது. "சாதி. வேற இன்னா? நம்ம வூட்டுத் தண்ணி அதுக்குத் தொண்டையில எறங்காது" என்றார். அவர் செயலாளர் வீட்டிலும் குடிப்பதில்லை, கடைசி வீட்டு வாத்தியார் வீட்டிலும் குடிப்பதில்லை என்று நான் எடுத்துச் சொன்னேன். வாத்தியார் வீட்டில் வெங்காயம்கூடச் சேர்க்கமாட்டார்கள். அத்தை கொஞ்சம் யோசித்து, அப்படியென்றால் இது அவர்களுக்கும் மேலே போலிருக்கிறது என்றார். அன்று முதல் பாட்டில்காரம்மா வருகிற நாளில் அத்தை கதவருகே நின்று கடமைக்கு உபசரிப்பார், அவர் மறுப்பார், அத்தை உள்ளே வந்து பாத்திரத்தை நங்கென்று வைப்பார்.

எனக்கு மட்டும் அந்தப் பிளாஸ்டிக் பாட்டில் உறுத்திக்கொண்டே இருந்தது. எதையும் பார்த்துவிட்டுச் சொல்கிற மனுஷி, சொல்லாமலே ஏதோ செய்கிறாரே என்று. நான் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே குழாயில் நல்ல தண்ணீர் வரும். கர்ப்பமான பிறகு அத்தைக்குத் தெரியாமல் தினமும் ஒரு சின்ன கேனில் பிடித்துவந்து, கட்டிலுக்கு அடியில் வைத்துக் குடித்தேன். மாமியார் வீட்டுத் தண்ணீரை வேண்டாம் என்கிற மருமகளுக்கு எங்கள் தெருவில் என்ன பெயர் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் மழைக்கு ஒதுங்கி எங்கள் வராந்தாவில் அவர் உட்கார்ந்திருந்தபோது, பாட்டிலை எதற்காக மூன்று தடவை கழுவுகிறீர்கள் என்று கேட்டேன். வழக்கத்துக்கு மாறாக நேரடியாகச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு ஊரில், ஒரு வீட்டுக் கிணறு கெட்டுவிட்டது என்று சட்டென்று சொல்லிவிட்டாராம். அவர்கள் பயந்துபோய்க் கிணற்றையே தூர்த்துவிட்டார்கள். அந்த வீட்டு அம்மாள் ஒரு கோடை முழுக்க இரண்டு மைல் நடந்து தண்ணீர் சுமந்தார். பிறகுதான் தெரிந்தது, பாட்டில் சரியாகக் கழுவப்படவில்லை என்று. "என் பாட்டில்ல இருந்த அழுக்கை அவங்க கிணத்துல இருந்ததா சொல்லிட்டேன்" என்றார். கேட்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோடையிலிருந்து இவர் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை என்று முடிவெடுத்ததற்கு, நாங்கள் எத்தனை கோடை குடித்துத் தீர்க்க வேண்டும் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

எனக்கு அம்மா இல்லை. அதனால் ஏழாம் மாதம் வளைகாப்பு, பிறகு பிரசவம், எல்லாம் இங்கேயே என்று அத்தை ஏற்றுக்கொண்டார். வாயால் அதட்டுவாரே தவிர, கையால் எனக்குச் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. வளைகாப்பு அன்று கூடம் நிறையப் பெண்கள். கைநிறையக் கண்ணாடி வளையலும் கன்னத்தில் சந்தனமுமாக நான் உட்கார்ந்திருக்கிறேன், வாசலில் கான்வாஸ் பையோடு அவர் வந்து நிற்கிறார். நாள் தெரியாமல் வந்துவிட்டார். அடுத்த வாரம் வருகிறேன் என்று திரும்பினார். அத்தை விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துவந்து எனக்கு எதிரே உட்காரவைத்தார். சந்தனம் பூசி, இரண்டு வளையல் போட்டுவிட்டார். அதுவரை அவர் கையில் நான் வளையலைப் பார்த்ததில்லை. கடிகாரத்துக்குப் பக்கத்தில் அது கூச்சத்தோடு கிடந்தது.

பிறகு அத்தை உள்ளே போய், விளிம்பு வரை தண்ணீர் நிறைத்த பித்தளை டம்ளரோடு வந்தார். வேண்டுமென்றுதான் காப்பி கொண்டுவரவில்லை, பச்சைத் தண்ணீர்.

"இது வாயும் வயிறுமா கீற பொண்ணு. இவ கையால குடுக்கறேன். இன்னிக்கும் வேணாம்னா எங்களை மனுசங்களா மதிக்கலேன்னு அர்த்தம்" என்றார் அத்தை. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. டம்ளரை என் கையில் திணித்தார். நான் நீட்டினேன்.

பாட்டில்காரம்மா டம்ளரை வாங்கி, பழக்கதோஷத்தில் ஜன்னல் வெளிச்சத்துப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். கொஞ்சம் தண்ணீர் சிந்திப் புடவையில் விழுந்தது. இப்போதுதான் குடித்தேன் என்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்துமுடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அத்தையின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

மூன்று வருஷமாகத் தெரு காத்திருந்த ஆராய்ச்சி முடிவு அன்று மத்தியானம் வெளியானது. அந்தம்மாவே குடிச்சிட்டாங்க. செய்தி தெருமுனைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் இரண்டு டம்ளர் ஆகியிருந்தது. செயலாளர் இனிமேல் கடிதம் எதுவும் தேவையில்லை என்றார். அவர் வீட்டு அம்மாள் அடிபம்பைக் கைவிட்டு, நல்ல ஆழமான கிணறு என்று எங்கள் கிணற்றுக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே இன்னும் நான்கு வீடுகள். அத்தை கிணற்றங்கரையில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்தினார். நானும் கட்டிலுக்கு அடியிலிருந்த கேனை எடுத்துக் கழுவி, அரிசி மூட்டை மேல் கவிழ்த்துவிட்டேன். படித்த பெண் வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அன்று முதல் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தேன்.

அடுத்த மாதம் அவர் வந்தபோது கிணற்றைச் சுற்றி ஏழெட்டுக் குடங்கள் இருந்தன. அவர் நோட்டைத் திறந்து, இவர்களெல்லாம் யார் என்று கேட்டார். அத்தை பெருமையோடு சொன்னார், நீங்கள் குடித்ததைப் பார்த்த பிறகுதான் எல்லோருக்கும் தைரியம் வந்தது என்று. என்னையும் காட்டினார். இவள்கூட எங்கிருந்தோ கேனில் தண்ணீர் கொண்டுவந்து திருட்டுத்தனமாகக் குடித்துக்கொண்டிருந்தாள், இப்போது நிறுத்திவிட்டாள் என்று. அத்தைக்கு அது தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பாட்டில்காரம்மா துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. என் வயிற்றைப் பார்த்தார். குடங்களைப் பார்த்தார்.

"இந்தத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. பார்த்துவிட்டுச் சொல்வதாகத்தானே சொல்வீர்கள் என்று செயலாளர் வீட்டு அம்மாள் கேட்டார்.

"பார்த்துட்டேன். மூணு வருஷமா பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

அத்தை வாளிக் கயிற்றை விட்டுவிட்டார். வாளி உள்ளே போய் விழுகிற சத்தம் கேட்டது. "அப்போ அன்னிக்கு நீ எதுக்குக் குடிச்சே?" என்றார். அவரை நீ என்று அத்தை கூப்பிட்டது அன்றுதான்.

"நீங்க குடுத்தீங்க" என்றார் அவர்.

எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. வயிற்றில் குழந்தையோடு ஒரு மாதம் அந்தத் தண்ணீரைக் குடித்தவள் நான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, என்னைத் தனியாகக் கூப்பிட்டாவது சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவும் செய்தேன். இன்றைக்கும் அந்தக் கோபத்தில் பாதி அப்படியே இருக்கிறது. மற்ற பாதியை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். அவர் குடித்ததை நம்பிய தெரு, அவர் சொன்னதை நம்பவில்லை. போன மாதம் குடித்தார், இந்த மாதம் குடிக்காதே என்கிறார், இதில் எது ஆராய்ச்சி என்று, விஷயம் கேட்டு ஓடிவந்த செயலாளர் கேட்டார். எழுதிக்கொடுங்கள் என்றார். பாட்டில்காரம்மா குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருக்காமல், நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, எங்கள் துவைக்கிற கல்லின் மேல் வைத்தே எழுதினார். இன்னின்ன எண் கிணறுகளின் தண்ணீர் குடிக்கவோ சமைக்கவோ ஏற்றதல்ல. கீழே கையெழுத்து. பிறகு எழுந்து, பதினான்காம் எண் பாட்டிலில் சீட்டு ஒட்டி, மூன்று தடவை கழுவி, தண்ணீரை நிரப்பிக்கொண்டு போனார்.

செயலாளர் அந்தத் தாளைச் சும்மா வைத்திருக்கவில்லை. இது உண்மையா என்று விளக்கம் கேட்டு, அவருடைய ஆராய்ச்சி நிலையத்துக்கே அனுப்பிவைத்தார். அடுத்த மாதத்திலிருந்து பாட்டில்காரம்மா வரவில்லை. ஒரு இளைஞர் ஜீப்பில் வந்தார். அந்த மேடம் இப்போது நூலகப் பிரிவில் இருக்கிறார் என்றார். பாட்டிலை ஒரே தடவை கழுவினார்.

என்னை விட்டால், தெருவில் அவர் வார்த்தையை உடனே நம்பியது ஒரே ஒருத்தர்தான். அவர் எழுதிக்கொடுத்த மறுநாள் காலையிலேயே அத்தை எங்கிருந்தோ இரண்டு தகரம் இழுத்துவந்து கிணற்றை மூடி, மேலே பழைய ஆட்டுக்கல்லைத் தூக்கிவைக்கச் சொன்னார். அந்தக் கிணற்றையா என்று என் கணவர் நம்பமுடியாமல் கேட்டார். "நான் குடுத்தேன்னு அத்தக் குடிச்சவ, என்னாண்ட பொய் சொல்லுவாளா?" என்றார் அத்தை. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு அடிபம்பு வரிசையில் போய் நின்றார். எங்கள் கிணற்றுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் கொஞ்ச நாள் முறைத்துவிட்டு, ஒவ்வொருவராக அந்த வரிசைக்கே வந்து சேர்ந்தார்கள். எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. அது நன்றாகவே இருந்தது. அதற்கு யாரிடம் நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வருஷங்கள் ஓடின. தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. நான் வீட்டு முன்னறையில் டிடிபி கடை வைத்தேன். பக்கத்து எஞ்ஜினீயரிங் கல்லூரி மாணவர்களின் ப்ராஜெக்ட் எல்லாம் என்னிடம்தான் வரும். அப்படி ஒரு பையன் நிலத்தடி நீர் மாசு பற்றி எழுதி எடுத்துவந்தான். கடைசியில் ஓர் அட்டவணை இருந்தது. ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் பழைய அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்தது என்றான். குழு ஒருவழியாக ஒப்புதல் தந்திருக்கிறது. கிணற்று எண், ஆழம், குரோமியம், நீரை அருந்துவோர். அறிக்கையை எழுதியவர்கள் என்று ஐந்து ஆண்களின் பெயர்கள்.

பதினான்காம் எண்ணுக்கு நேரே ஆறு என்று இருந்தது. அதன் தலையில் ஒரு ஸ்டார். பக்கத்தின் அடியில் அதே ஸ்டாரைப் போட்டு, பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. ஒரே ஒரு முறை, ஒரு டம்ளருக்குச் சற்றுக் குறைவாக அருந்திய ஒருவர் உட்பட.

பின்னால் கட்டிலில் படுத்திருந்த அத்தைக்கு அதைத் தமிழில் படித்துக்காட்டினேன். அத்தைக்கு அப்போது பார்வை மங்கிவிட்டது.

"ஆமா. கொஞ்சம் பொடவையில சிந்திட்டா" என்றார்.

சாயங்காலம் பையன் தாள்களை வாங்க வந்தான். புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த அடிக்குறிப்பு இடத்தை அடைக்கிறது, எடுத்துவிடலாம் அக்கா என்றான். ஒரு டம்ளர் குடித்தவரையெல்லாம் யார் கணக்கில் சேர்ப்பார்கள், அச்சுப் பிழையாகத்தான் இருக்கும் என்றான். அதெல்லாம் மூன்று தடவை சரிபார்த்ததுதான் என்று சொல்லி, ஸ்டாரோடேயே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.